ஒன்பதாம் வகுப்பு வரை

உன் சான்றிதழ்கள் இருக்கும் பச்சைக் கோப்பில், பி.எட். மதிப்பெண் பட்டியலுக்குப் பின்னால் இந்தத் தாள்களை வைக்கிறேன். திங்கட்கிழமை பள்ளிக்குக் கிளம்புமுன் அந்தக் கோப்பை நீ கட்டாயம் ஒருமுறை புரட்டிப் பார்ப்பாய். நீ எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவள். பக்கத்து அறையில் படுத்திருக்கும் மகளுக்கு அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று உனக்குச் சிரிப்பு வரலாம். டாக்டர் என்னை இன்னும் இரண்டு மாதத்துக்கு அதிகம் பேசக் கூடாது என்று சொல்லியிருப்பதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்கிறேன். உண்மையில் தொண்டை நன்றாக இருந்த ஒன்பது வருடங்களில் சொல்ல முடியாத ஒன்றைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். இருபத்தொரு வருடம் ஐம்பது பிள்ளைகளின் சத்தத்துக்கும் எதிரில் இருக்கும் மில் சங்குக்கும் மேலே கத்திக் கத்தித் தமிழ் நடத்திய தொண்டை இது. நாற்பத்து நான்கு வயதில் ஓய்ந்துவிட்டது. நான் விட்டுவந்த பள்ளியில் நீ கணக்கு டீச்சராகப் போகிறாய். ஒன்பதும் பத்தும் உனக்கு. அதற்கு முன்னால் உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பொன்விழா மலருக்குப் பள்ளியின் வரலாற்றை எழுதித் தரும்படி கன்னியர் மடத்துத் தலைமைச் சகோதரி என்னைக் கேட்டது உனக்குத் தெரியும். பேச வேண்டாத வேலை, உங்களுக்கு ஏற்றதுதான் என்று அலுவலக அறையின் இரும்பு அலமாரிச் சாவியைக் கையில் கொடுத்தார். ஏப்ரல், மே முழுவதும் நான் ராஜபாளையத்துக்குப் போய்வந்தது அதற்குத்தான். அலமாரியின் மேல்தட்டில் பள்ளியைத் தொடங்கிய முதல் சகோதரி எழுதிய நாட்குறிப்புகள் இருந்தன. வாடகை வீட்டின் ஒரே கூடத்தில் இரண்டு வகுப்புகளை நடத்தியிருக்கிறார். நடுவில் சுவர் எழுப்ப வசதியில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் மருத்துவத் துணி நெய்கிறவர்கள் கழித்துப்போட்ட, காயத்துக்குக் கட்டும் மெல்லிய காஸ் துணியை நான்கு மடிப்பாகத் தைத்துத் தொங்கவிட்டு அதைத்தான் சுவர் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் இந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பும் சேர்ந்து சொல்லும். "இன்று மழை. பதினொரு பேர் வந்தார்கள். பாடம் நடக்கவில்லை. துணிச் சுவரைத் துவைத்தோம்" என்று ஒரு நாள் எழுதியிருக்கிறார். ஒரு பெண் மூன்று வருடம் இரண்டாம் வகுப்பிலேயே இருந்திருக்கிறாள். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் அவள் பெயருக்கு நேரே "இன்னும் ஒரு வருடம் எங்களோடு இருப்பாள்" என்ற ஒரே வரி. நான் அந்த வரியை மலருக்காகக் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்ட பிறகு வெகுநேரம் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.

துணிச் சுவர் போய்ச் செங்கல் சுவர் வந்தது, மாடி வந்தது, பத்தாம் வகுப்பு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் பத்தாம் வகுப்பில் எழுதிய எல்லோரும் பாஸ். அதற்குமுன் அப்படி நடந்ததில்லை. வாசல் கேட்டுக்கு மேலே நூறு சதவீதம் என்று பேனர் கட்டினார்கள். நாங்கள் எல்லோரும் வெயிலில் நின்று கைதட்டினோம், நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு. அந்த ஜூனில் எல்.கே.ஜி.க்கு வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. மகிழ்ச்சி ஒரு வருடம்தான். அடுத்த வருடம் பிப்ரவரியிலேயே பயம் வந்துவிட்டது. பேனரைக் கழற்றினால் ஊர் கேட்கும். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்க முடியாது. பத்தாம் வகுப்புக்குப் போனால் பரீட்சை எழுதவிட்டே ஆக வேண்டும். மிச்சம் இருந்தது ஒன்பது. ஏப்ரல் கடைசியில் ஒரு சின்னக் கூட்டம் போடுவார்கள். தேநீரும் முறுக்கும் வரும். கணக்கிலும் அறிவியலிலும் கீழே இருக்கிற நான்கைந்து பெயர்கள் படிக்கப்படும். யாரும் வெளியே அனுப்புங்கள் என்று சொன்னதே இல்லை. "பேரண்ட்ஸைக் கூப்பிட்டுப் பேசிருங்க டீச்சர்" என்பார்கள், அவ்வளவுதான். பேசினால் பெற்றோரே மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதித் தந்துவிடுவார்கள். சான்றிதழில் விலகுவதற்கான காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் "பெற்றோர் விருப்பம்" என்று எழுதுவோம். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் பெரும்பாலும் நான்தான் எழுதினேன்.

உன்னோடு படித்த மாரீஸ்வரியை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் நான் அவளை எப்படி நினைவு வைத்திருக்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் காலை ஏழே முக்கால் பஸ் உள்ளே திரும்பும்போதே ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் தன் பையை ஒரு சீட்டிலும் உன் பையை இன்னொரு சீட்டிலும் எறிவாள். என் சாப்பாட்டுக் கூடையையும் வாங்கிப் போட்டுவிடுவாள். ஒரு நாள் அதிலிருந்த ரசம் ஒரு பெரியவர் வேட்டியில் கொட்டி, அவர் ராஜபாளையம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். "டீச்சர் வீட்டு ரசம் தாத்தா, வாசமாத்தான இருக்கு" என்று அவள் சொன்னதும் அவரே சிரித்துவிட்டார். நாம் மூன்று பேரும் ஐந்து வருடம் ஒரு நாள்கூட நின்றுகொண்டு போகவில்லை. நீ அப்போது கணக்கு என்றாலே அழுகிறவள். அவள் உன்னைவிடப் பெரிய கெட்டிக்காரி இல்லை. ஆனாலும் தனக்குப் புரிந்த அளவை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பஸ் குலுங்கக் குலுங்க உனக்குச் சொல்லிக்கொண்டு வருவாள். நான் முன் சீட்டில் ஏதாவது நாவலை விரித்து வைத்துக்கொண்டு உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வருவேன்.

உங்கள் ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை. முழுப் பரீட்சைக் கணக்குத் தாள்கள் திருத்தி வந்த மத்தியானம் ஆசிரியர் அறையில் நானும் கணக்கு சாரும் மட்டும் இருந்தோம். உனக்கு முப்பத்திரண்டு. முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ். அவர் கொஞ்ச நேரம் தாள்கட்டைப் புரட்டிக்கொண்டே இருந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "டீச்சர், பாப்பா பேப்பர்ல ஸ்டெப் மார்க் கொஞ்சம் விட்டுப்போச்சு போல. இன்னொரு தடவ பாக்கட்டுமா?" என்றார்.

"பாருங்க சார்" என்றேன்.

விடை தப்பாக இருந்தாலும் வழி சரியாக இருந்தால் அந்தப் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. அது முறையானதுதான். அவர் ஒன்றும் அநியாயமாகப் போடவில்லை. உனக்கு முப்பத்தாறு ஆயிற்று. சாயங்காலம் பதிவேட்டில் மதிப்பெண்களை ஏற்ற அந்தக் கட்டு என் மேசைக்கு வந்தது. உன் தாளுக்கு அடுத்ததாக அவள் தாள் இருந்தது. முப்பத்து மூன்று. நீ முதலில் எடுத்ததைவிட ஒன்று கூடுதல். நான் புரட்டிப் பார்த்தேன், அதை மறைக்க மாட்டேன். எந்தக் கணக்கில் உனக்கு நான்கு மதிப்பெண் கிடைத்ததோ அதே கணக்கை அதே வழியில், வரிக்கு வரி அவளும் போட்டிருந்தாள். பஸ்ஸில் அவள் உனக்குச் சொல்லிக்கொடுத்த வழி அது. கடைசி வரியில் இரண்டு பேரும் தவறியிருந்தீர்கள். அவள் தாளில் அந்தப் பக்கம் முழுவதும் ஒரே கோடாக அடிக்கப்பட்டிருந்தது. தாளை எடுத்துக்கொண்டு எழுந்து பத்து அடி நடந்தால் போதும். அவர் இன்னும் கிளம்பவில்லை, வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அவளுடையதையும் பாருங்கள் என்று சொன்னால், உன்னுடையதை ஏன் பார்த்தோம் என்ற பேச்சு வருமோ என்று நினைத்தேன். அவளுக்கு முப்பத்து மூன்று என்று ஏற்றிவிட்டுப் பதிவேட்டை மூடினேன்.

அந்த ஏப்ரல் கூட்டத்தில் அவள் பெயரும் படிக்கப்பட்டது. அவள் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசியதும் நான்தான். மில்லில் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தார். புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பத்தாம் வகுப்பு இங்கே கடினமாக இருக்கும், பிள்ளை மனம் உடைந்துவிடும், அரசுப் பள்ளியில் நிதானமாகப் படிக்கட்டும் என்று வருடா வருடம் சொல்கிறதையே சொன்னேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும் டீச்சர். ஒங்க பிள்ளையும் அவளும் ஒண்ணா வளந்ததுக. அவளுக்கு நல்லதுன்னு தோணாமயா சொல்லப் போறிய?" என்றார். கடிதம் எழுத வராது, நீங்களே எழுதிருங்க என்றார். "குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புவதால்" என்று நான் எழுதினேன். அவர் தன் பெயரை எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது கும்பிட்டார். பிறகு சான்றிதழை நிரப்பினேன். பெற்றோர் விருப்பம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று பஸ் ஸ்டாண்டில் நீ ஏறவில்லை. "அவ வரட்டும்மா" என்று ஏழே முக்கால் பஸ்ஸை விட்டாய், அடுத்ததையும் விட்டாய். நேரமாகிறதே என்று உன்னை நான் எல்லோர் முன்னாலும் திட்டினேன். அவளுடைய அப்பாவுக்கு வேறு பள்ளிக்கூடம் பிடித்துப்போய்விட்டதாம் என்றேன். உன்னிடம் நான் சொன்ன பொய்களில் இதைத்தான் மிகச் சுலபமாகச் சொன்னேன். ஏனென்றால் அது எழுத்திலேயே இருந்தது. அன்றிலிருந்து நாம் நின்றுகொண்டுதான் போனோம். நீ ஜன்னல் வழியாகப் பை போடக் கற்றுக்கொள்ளவே இல்லை. அரசுப் பள்ளியில் அவளைத் திரும்ப ஒன்பதாம் வகுப்பிலேயே உட்கார வைத்தார்கள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மூன்று மாதம் உட்கார்ந்திருந்துவிட்டு நின்றுவிட்டாள். பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்துக் கட்டும் வேலைக்குச் சேர்ந்தாள் என்று ஒரு நாள் பஸ்ஸில் யாரோ சொன்னபோது நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அந்த வருடம் நீ கணக்கை விடாப்பிடியாகப் போட ஆரம்பித்தாய். அது கோபத்தினாலா, பயத்தினாலா என்று நான் கேட்கவில்லை. உன் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டாடி வாங்கிய பால்கோவாவை நான் தொடவில்லை, நீ கவனித்திருக்க மாட்டாய்.

தவக்காலம் வரும்போதெல்லாம் சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்கு நான் போனேன். மாமியாரிடம் கோபப்பட்டது, ஞாயிறு பூசைக்குப் போகாதது எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. ஒளித்தேன் என்றுகூட இல்லை. அது வேலையின் பகுதி, பாவம் என்ற பக்கத்திலேயே அது வரவில்லை. இந்த மே மாதம் மலருக்காக அலமாரியின் அடித்தட்டைத் திறந்தபோதுதான் அது எனக்கு எதிரே வந்தது. மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகங்களின் அடிக்கட்டைகள். பள்ளி ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தால் அதன் நகல் அதில் இருக்கும். வருடம் வருடமாக, ஒன்பதாம் வகுப்பு, என் கையெழுத்து, பெற்றோர் விருப்பம், பெற்றோர் விருப்பம். மேல்தட்டில் "இன்னும் ஒரு வருடம் எங்களோடு இருப்பாள்." ஒரே அலமாரி. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து திரும்ப உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அசதியாகத்தான் இருந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து மாரீஸ்வரியே வந்தாள். அலுவலக ஜன்னலுக்கு வெளியே எல்.கே.ஜி. விண்ணப்பத்தோடு நின்றாள், கையில் ஒரு பெண் குழந்தை. மம்சாபுரத்துப் பையனைக் கட்டியிருக்கிறாள். ஆறு மாதமாக நம் ஊரிலேயே அவள் அப்பா வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார்களாம். விண்ணப்பத்தில், பெற்றோர் இந்தப் பள்ளியின் பழைய மாணவரா என்று ஒரு கேள்வி உண்டு. பழைய மாணவர் என்றால் இடம் முதலில் கிடைக்கும். அவள் "ஆம், ஒன்பதாம் வகுப்பு வரை" என்று எழுதியிருந்தாள். கிளார்க் அதை அடித்து "இல்லை" என்று எழுதிவிட்டார். பத்தாவது முடித்தால்தான் பழைய மாணவி என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவள் சண்டை போடவில்லை. சிரித்துக்கொண்டே, "பத்து வருசம் இங்கதான சார் கெடந்தேன். வெளக்குமாறு எங்க வச்சிருப்பியன்னுகூட எனக்குத் தெரியும்" என்றாள். அப்புறம் உள்ளே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துவிட்டாள்.

"டீச்சர், மெலிஞ்சு போய்ட்டிய. தொண்டைக்கு என்ன?" என்று கேட்டாள். நான் கையால் சைகை காட்டினேன். உன்னைப் பற்றிக் கேட்டாள். இங்கேயே கணக்கு டீச்சராக வருகிறாய் என்றதும் வாயில் கை வைத்துக்கொண்டாள். "அவளா? கணக்குன்னா அழுவாளே டீச்சர். நாந்தான அவளுக்குச் சொல்லிக் குடுப்பேன்." அதில் ஒரு குத்தலும் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நான் விண்ணப்பத்தை வாங்கி, கிளார்க் எழுதிய "இல்லை"யை அடித்து, "ஆம். இவர் எங்கள் மாணவி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிஸ்டர் கேட்டால் நான் எழுதினேன் என்று சொல்லுங்கள் என்று கிளார்க்கிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் நான் எழுதியதை நிதானமாகப் படித்தாள். குழந்தையின் தலையை ஒதுக்கிவிட்டுக்கொண்டே, பார்வையைத் தாளைவிட்டு எடுக்காமல் கேட்டாள்.

"இவளுக்கும் ஒம்பது வரைக்குந்தானா டீச்சர்?"

அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்குத் தெரியவில்லை. அன்று தன்னை அனுப்பிவிட்டார்கள் என்பது தெரியும், அது தெளிவு. உன் தாள் திரும்பப் பார்க்கப்பட்டது தெரிய வழியில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே மலர் கட்டுரைக்கு ஒரு பத்தி சேர்த்தேன். பத்தாம் வகுப்புக்குப் போகாமல் ஒன்பதோடு அனுப்பப்பட்டவர்களும் இந்தப் பள்ளியின் பிள்ளைகள்தான், நூறு என்ற எண்ணிக்கையில் அவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நாங்கள்தான் அனுப்பினோம், பெற்றோர் விரும்பவில்லை என்று நான்கு வரி. மறுநாள் அதைப் படித்த தலைமைச் சகோதரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது பொன்விழா மலர், டீச்சர், பாவசங்கீர்த்தனம் இல்ல" என்றார். பென்சிலை எடுத்துக்கொண்டே, "நீங்க எழுதுனது பொய்யின்னு நான் சொல்லல" என்றும் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெரிய பள்ளிகளின் மஞ்சள் பஸ்கள் நம் வாசலைத் தாண்டித்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. பேனரைக் கழற்றினால் பள்ளியே இருக்காது என்று அவர் பயப்படுகிறார், அந்தப் பயம் பொய்யில்லை. பென்சிலால் அந்த நான்கு வரிக்கும் மேலே மெல்லியதாக ஒரு கோடு போட்டார். மலர் அந்த வரிகள் இல்லாமல்தான் வரும். துணிச் சுவர் இருக்கும், மாடி இருக்கும், பேனர் இருக்கும். விழாவுக்கு நான் போக மாட்டேன்.

ஆகவே உனக்கு எழுதுகிறேன். இதைப் படித்ததும் நீ உன் மதிப்பெண்ணை வெறுப்பாய், பிறகு என்னை. அது நியாயம்தான். ஆனால் நீ படித்த படிப்பு உன்னுடையது, அதைக் கீழே போட்டுவிடாதே. அன்றைக்கு உனக்குக் கிடைத்த நான்கு மதிப்பெண்ணும் உனக்குரியதுதான். அவளுக்கும் அது உரியதாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஏப்ரலில் உன்னை அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். முறுக்கு நன்றாக இருக்கும். "பேசிருங்க டீச்சர்" என்பார்கள். அங்கே என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர எனக்கு யோக்கியதை இல்லை, எதிர்த்து நின்றால் வேலை இருக்குமா என்றும் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். தாள் திருத்தும்போது ஒருத்தி தாளில் படிகளைத் தேடினால் எல்லோருடைய தாளிலும் தேடு. அந்தக் குழந்தைக்கு இடம் கிடைத்துவிட்டது. அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது நான் அங்கே இல்லை. நீ இருக்கலாம்.

மாரீஸ்வரி கிளம்பும்போது உனக்கு ஒன்று சொல்லி அனுப்பினாள், இதுவரை நான் உன்னிடம் சொல்லவில்லை. கம்பெனி வேலைக்கும், குழந்தையைப் பள்ளியில் விடவும் அவள் இனித் தினமும் ராஜபாளையம் வருகிறாள். "அதே ஏழே முக்கால் பஸ்ஸுதான டீச்சர்? நான் முன்னாடியே போய் எடம் போட்டு வைக்கேன். அவளை மெதுவா வரச் சொல்லுங்க" என்றாள். திங்கட்கிழமை காலையில் நீ பஸ்ஸில் ஏறும்போது ஜன்னலோரம் ஒரு சீட்டில் அவள் பை இருக்கும், உன்னைப் பார்த்ததும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அந்த இடத்தில் நீ இதெல்லாம் தெரியாமல் உட்கார்ந்துவிடக் கூடாது.